ஒரே மைக்கில் கொடைப் பாட்டும் வீட்டுப் பதிவும்: நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு சவுண்ட் சர்வீஸில் பதினோரு வருஷம் மிக்சர் பார்த்தேன். இப்போது வீட்டு மாடி அறையில் வில்லுப்பாட்டுக் குழுக்களுக்கும் சர்ச் பாடகர் குழுக்களுக்கும் பதிவு செய்து கொடுக்கிறேன். மைக் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் அநேகமாக ஒரே கேள்விகள்தான். போனில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கொடை என்று வருவதெல்லாம் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா.

அண்ணாச்சி, ஒரே மைக்கை வாங்கி கொடையிலயும் பாடலாம், வீட்டுலயும் ரெக்கார்டு பண்ணலாம்னு சொல்லுதாங்களே, நெசமா?

நிஜம்தான். கையில் பணம் குறைவு, வாங்கப்போவது ஒன்றே ஒன்று என்றால் கார்டியாய்டு வகை டைனமிக் மைக் வாங்குங்கள். கீழே விழுந்தாலும் சமாளிக்கும், தவில் சத்தத்துக்கும் திணறாது, வீட்டில் பாட்டும் பேச்சும் பதிய நன்றாகவே வரும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவதில் பாதி இந்த ஒரு பதிலின் விளக்கம்தான்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம் ரூபாய் மைக்கைச் சரியான தூரத்தில், சரியான திசையில் வைத்துப் பாடுகிறவரின் குரல், இருபதாயிரம் ரூபாய் மைக்கை இரண்டடி தள்ளி வைத்துப் பாடுகிறவரின் குரலைவிடத் தெளிவாக இருக்கும். இதை நூறு தடவையாவது காதால் கேட்டிருக்கிறேன்.

டைனமிக்கு, கண்டென்சருன்னு ரெண்டு சொல்லுதாங்க. உள்ள என்னதான் வித்தியாசம்?

டைனமிக் மைக்கில் ஒரு மெல்லிய சவ்வு, அதோடு ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம் இருக்கும். சத்தம் பட்டுச் சவ்வு ஆடினால் சுருளும் ஆடும், அதில் மின்சாரம் பிறக்கும். ஸ்பீக்கர் வேலை செய்வதன் தலைகீழ் இது. வெளியிலிருந்து கரண்ட் எதுவும் தேவையில்லை. சுருளுக்கு எடை இருப்பதால் நுணுக்கமான மேல் ஒலிகளில் கொஞ்சம் மந்தம்.

கண்டென்சரில் சவ்வு இன்னும் மெல்லியது. அதற்குப் பின்னால் ஒரு தகடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மாறும்போது மின்னழுத்தம் மாறுவதைத்தான் அது ஒலியாக்குகிறது. அதற்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் பேன்டம் பவர் போகவேண்டும். மூச்சு, நாக்கு அசைவு, வீணையின் மீட்டல் என்று எல்லாம் கேட்கும். கூடவே மின்விசிறி, தெருநாய், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் கேட்கும். அமைதியான அறை இருப்பவர்களுக்கு அது நல்ல மைக். கொடைப் பந்தலுக்கு அது ஒத்துவராது.

கார்டியாய்டுன்னா என்ன?

முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் பாதி கேட்கும், நேர் பின்னால் மிகக் குறைவாகவே கேட்கும் மைக். கேட்கும் எல்லையை வரைந்தால் இதய வடிவம் வருவதால் அந்தப் பெயர். மைக்கின் பின்புறம், அதாவது வயர் வரும் பக்கம், எதைப் பார்த்திருக்கிறதோ அது அதிகம் விழாது. அதனால் பாடுகிறவர் கேட்பதற்காக வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை அவர் எதிரில், மைக்கின் பின்புறத்துக்கு நேராக வையுங்கள்.

சூப்பர் கார்டியாய்டு என்று இன்னொரு வகை உண்டு. அதற்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். கேட்காத இடம் பின்பக்கத்தின் இரு ஓரங்களிலும் இருக்கும். அந்த மைக்குக்கு மானிட்டரை நேர் எதிரே வைத்தால் தப்பு, சற்று ஒதுக்கி இரு பக்கமும் வைக்கவேண்டும். பெட்டியில் எந்த வகை என்று போட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

சரி, எந்த மாடல் வாங்கன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க.

பணம் இருந்தால் ஷூர் எஸ்.எம்.58. 1966இல் வந்த மைக் இது, இன்றைக்கும் உலகம் முழுக்க மேடையில் நிற்கிறது. பெயரிலுள்ள எஸ்.எம். என்பதன் விரிவு ஸ்டுடியோ மைக்ரோபோன். ஸ்டுடியோவுக்காகச் செய்தது மேடையில்தான் பேர் வாங்கியது. 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை எடுக்கும். மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும் மேல்பகுதியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். கதையும் வசனமும் நிறைந்த நம் பாட்டுகளுக்கு இது பெரிய உதவி. விலை இப்போது பத்தாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது.

அவ்வளவு முடியாது என்றால் பெரிங்கர் எக்ஸ்.எம்.8500. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விலையில் முக்கால் பங்கு வேலை செய்யும் என்பது என் கணக்கு. நடுவில் சென்ஹைசர் இ835 ஒரு நல்ல மைக். வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப்போனாலும் குரல் அதிகம் மாறாது, அதனால் மைக்கை நிலையாகப் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்றது. அஹுஜாவின் டைனமிக் மைக்குகளும் உண்டு. நம் ஊர் ரேடியோ செட்டுக்காரர்களிடம் அவைதான் அதிகம், ரிப்பேருக்கு எங்கும் ஆள் கிடைக்கும். பேச்சுக்கும் அறிவிப்புக்கும் தாராளமாகப் போதும். பாட்டைப் பதிவு செய்ய என்றால் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

58ஆ 57ஆ? கடைக்காரர் ரெண்டும் ஒண்ணுதாங்காரு.

கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. உள்ளே இருக்கும் வேலைப்பாடு இரண்டுக்கும் மிக நெருக்கம். 57 ஒரு வருஷம் மூத்தது, 1965. வித்தியாசம் தலையில்தான். 58க்குக் கம்பிவலை உருண்டையும் உள்ளே பஞ்சும் இருப்பதால் ‘ப’ சொல்லும்போது வரும் காற்றடி குறையும். 57க்கு அது இல்லை, ஆனால் வாத்தியத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் வைக்கலாம்.

பாடுகிறவர் 58 வாங்கட்டும். உடுக்கை, குடம், தவில், கிதார் ஆம்ப் என்று வாத்தியமே முக்கியம் என்பவர் 57 வாங்கலாம். 57க்கு ஒரு பஞ்சு உறை போட்டால் பாடவும் செய்யலாம். அமெரிக்க ஜனாதிபதிகள் பேசும் மேடையில் நீங்கள் டிவியில் பார்க்கும் ஜோடி மைக் இந்த 57தான்.

டூப்ளிகேட்டு நிறைய வருதாமே, எப்படிக் கண்டுபிடிக்க?

எஸ்.எம்.58க்குத்தான் போலி அதிகம். நானே முதலில் வாங்கியது போலி. பாதி விலைக்குத் தருகிறேன் என்றார்கள், ஆசைப்பட்டு வாங்கிவந்தேன். மேடையில் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது மாதிரி இருந்தது. மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு அது.

அசல் 58இன் எடை 298 கிராம். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம். போலிகள் பல சமயம் எடை குறைவாக இருக்கும். ஆனால் எடை சரியாக இருப்பதாலேயே அசல் என்று முடிவு செய்யவும் வேண்டாம். சந்தை விலையில் பாதிக்கு யாராவது தந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ஆன்-ஆஃப் சுவிட்ச் உள்ள 58ஐ மட்டும் பார்த்துப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். சுவிட்ச் வைத்த அசல் மாடலும் உண்டு. கம்பெனி அங்கீகரித்த விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குவதுதான் நிம்மதி. காசு போதாவிட்டால் போலி 58க்குப் பதில் அசலான மலிவு மைக்கை வாங்குங்கள்.

புது மைக்கை போன்ல சொருவினேன், சத்தமே எடுக்கலையே?

எடுக்காது. டைனமிக் மைக்கிலிருந்து வருவது ஆயிரத்தில் ஒரு பங்கு வோல்ட் அளவு. அதை முதலில் பெருக்கவேண்டும். போனின் சிறிய ஓட்டை ஹெட்செட் மைக்குக்காகச் செய்தது, அதன் இணைப்பு முறையே வேறு. பி38 என்று சொல்லும் கால் அங்குலப் பின்னிலிருந்து சின்னப் பின்னுக்கு மாற்றும் ஐம்பது ரூபாய் கன்வெர்ட்டரால் இது தீராது.

தேவைப்படுவது யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கின் மூன்று பின் கேனான் (எக்ஸ்.எல்.ஆர்.) வயரை அதில் சொருகி, அதைக் கம்ப்யூட்டரிலோ போனிலோ இணைக்கவேண்டும். மைக்குக்கு ஒதுக்கிய பணம் அளவுக்கு இதற்கும் வயருக்கும் ஸ்டாண்டுக்கும் ஒதுக்கி வையுங்கள். மைக் மட்டும் வாங்கிவிட்டு ஆறு மாதம் பீரோவில் வைத்திருந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர்.

யூடியூப்ல எல்லாரும் வச்சிருக்காங்களே, அந்தப் பெரிய ஷூர் மைக்கு, எஸ்.எம்.7பி. அதை வாங்கலாமா?

அருமையான மைக்தான், டைனமிக்தான். ஆனால் அதன் சத்தம் மிகச் சிறியது. 60 டெசிபல் அளவுக்குப் பெருக்கிக் கொடுக்கவேண்டும். மலிவான இன்டர்ஃபேஸில் அவ்வளவு தூக்கினால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் கூடவே ஏறும். அதைத் தீர்க்க இன்னொரு பெட்டி வாங்கவேண்டி வரும். கையில் தூக்கி மேடையில் பாடவும் முடியாது. முதல் மைக்காக வாங்கவேண்டாம்.

செட்டைப் போட்டாலே மைக்கு கூவுதே, மைக்கு கோளாறா?

நூற்றில் தொண்ணூறு தடவை மைக் கோளாறு இல்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கரில் வந்து சுற்றுவதுதான் கூவல். சுற்றை எங்கே அறுக்கலாம் என்று பாருங்கள்.

முதலில் இடம். ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து இருக்கவேண்டும். கோயில் வாசலில் பந்தல், பந்தலுக்குப் பின்னால் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அதன் வாய் பாடுகிறவர் முதுகைப் பார்த்திருந்தால் எந்த மைக்கும் கூவும். அதைத் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். அப்புறம் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளியில் பாடுகிறவர் எட்டு விரல் தள்ளிப் போனால் குரல் 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட செட்டுக்காரர் ஏற்றுவார், உடனே கூவும். இரண்டு மூன்று விரல் இடைவெளிக்குள் பாடப் பழகுங்கள். மூன்றாவது, உபயோகிக்காத மைக்குகளை மூடிவிடுவது. திறந்திருக்கும் மைக்குகள் இரண்டு மடங்கானால் கூவுவதற்கு முன் கிடைக்கும் இடம் 3 டெசிபல் குறைகிறது.

கடைசியாக ஒரு கெட்ட பழக்கம். சினிமாவில் பார்த்துவிட்டு மைக்கின் உருண்டைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார்கள். மேலே சொன்ன கார்டியாய்டு வடிவம் தலையின் பின்னாலுள்ள இடைவெளிகள் வழியே வரும் சத்தத்தால்தான் உண்டாகிறது. அதைப் பொத்தினால் நாலா பக்கமும் கேட்கும் மைக்காக அது மாறிவிடும். குரலும் கெடும், கூவலும் வரும். கைப்பிடியைப் பிடியுங்கள்.

வில்லுப்பாட்டுக்கு எத்தனை மைக்கு வேணும்? எங்க எங்க வைக்கணும்?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே சொல்கிறேன், எனக்குப் பிரியமான விஷயம். வில்லில் மணிகள், அண்ணாவி (கதை பாடும் தலைவர்) கையில் வீசுகோல், பக்கத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை, பின்பாட்டு. எல்லாம் நெருக்கமான இடத்துக்குள் நடக்கிறது. மணியும் ஜால்ராவும் கூர்மையான சத்தம், எந்த மைக்குக்குள்ளும் நுழைந்துவிடும். அதனால்தான் இங்கே கண்டென்சர் வேண்டாம் என்கிறேன். அது கதையை விட்டுவிட்டு மணியைத்தான் எடுக்கும்.

ஒரே மைக் இருந்தால் அது அண்ணாவிக்கு. அவருக்கு இரண்டு கையும் வேலை, தலையும் ஆடும். ஆகவே பூம் ஸ்டாண்டில், முன்னாலிருந்து தாழ்வாகக் கொண்டுவந்து, தாடைக்குக் கீழிருந்து வாயைப் பார்க்கும்படி வையுங்கள். முகம் மறையாது, வீசுகோலும் இடிக்காது. இரண்டாவது மைக் இருந்தால் பின்பாட்டுக்காரர்களுக்கு. இரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்து ஒரு மைக்கைப் பகிரலாம். மூன்றாவது குடத்துக்கு. குடத்தின் வாய்க்கு நேர் மேலே வைக்காதீர்கள், மட்டையால் அடிக்கும்போது எழும் காற்று மைக்கை முட்டும். ஒரு சாண் தள்ளி, ஓரமாக, வாயின் விளிம்பைப் பார்த்து வையுங்கள். அந்த ‘தும்’ என்ற அடியொலி கிடைக்கும். மிக்சரில் அடி ஒலியை வெட்டும் பட்டன் இருந்தால் குரல் மைக்குகளுக்கு அழுத்துங்கள், குட மைக்குக்கு அழுத்தாதீர்கள். உடுக்கைக்குத் தனி மைக் பெரும்பாலும் தேவைப்படாது, அண்ணாவி மைக்கிலேயே போதுமான அளவு விழும். வில்லின் மணிக்கு மைக் வைக்கவே வேண்டாம்.

அப்புறம் எக்கோ. செட்டுக்காரர்கள் பெருமைக்காக எக்கோவைத் திருகிவைக்கிறார்கள். சுடலைமாடன் கதையில் ஒரு சொல் விழுவதற்குள் முந்தைய சொல் மூன்று தடவை திரும்பி வந்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்கு என்ன புரியும்? விடிய விடிய உட்கார்ந்து அவர்கள் கேட்க வந்தது கதையை. எக்கோவைச் சுழியத்தில் வையுங்கள் என்று செட்டுக்காரரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

நாதசுரம், தவில், மகுடம் எல்லாம் பெருஞ்சத்தம்லா. மைக்கு கிழிஞ்சிராதா?

டைனமிக் மைக் கிழியாது. சத்தம் உடைந்து கேட்டால் மிக்சரின் கெயின் (மைக் சத்தத்தைப் பெருக்கும் திருகு) கூடுதலாக இருக்கிறது என்று அர்த்தம், மைக்கின் மேல் பழி போடாதீர்கள். நாதசுரத்தில் ஒலி அணசு (கீழே விரியும் வாய்) வழியாக மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசுக்குள் மைக்கை நுழைத்தால் சில சுரங்கள் கத்தும், சில சுரங்கள் காணாமல் போகும். இரண்டடி, மூன்றடி தள்ளி, வாத்தியத்தின் நடுவைப் பார்த்து வையுங்கள்.

தவிலுக்கு ஒரே மைக் என்றால் முன்னால், இரண்டு தலைக்கும் நடுவே, விரலால் வாசிக்கும் வலந்தலைப் பக்கம் கொஞ்சம் சாய்த்து. தொப்பிப் பக்கம் குச்சியடி தானாகவே ஓங்கிக் கேட்கும். விரல் வேலைதான் தொலைந்துபோகும். கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல்வாத்தியம் அடிப்பவர்கள் பாடுகிறவருக்கு மிக அருகே நிற்பார்கள். மகுடத்துக்கென்று மைக் வைக்காமல், பாடுகிறவர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்வதுதான் முதல் வேலை.

வாயோட ஒட்டிப் பிடிச்சா கொரல் கொழகொழன்னு கனமா கேக்கு. என்ன செய்ய?

கார்டியாய்டு மைக்குகளின் குணம் அது. மிக அருகில் போனால் கீழ் ஒலிகள் தூக்கிக் கேட்கும். மெல்லிய குரலுக்கு இது வரம், கனத்த குரலுக்குத் தொந்தரவு. மிக்சரில் பேஸைக் குறையுங்கள். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பட்டன் இருந்தால் போடுங்கள். தள்ளிப் போகவேண்டாம், கூவல் பற்றிய பதிலில் சொன்ன தொல்லை வந்துவிடும். வீட்டில் பதியும்போது கூவல் பயம் இல்லை என்பதால், ஒரு சாண் தள்ளி நின்று பாடினால் குரல் இயல்பாக வரும்.

பணகுடிப் பக்கம் ஆனி ஆடி காத்துல ரெக்கார்டு பண்ணினா ‘பர்ர்’ருன்னு இரையுதே?

காற்றாலை வைக்கும் அளவுக்கு அடிக்கும் காற்று அது. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை திறந்தவெளியில் பதிவது சிரமம்தான். நான் ஒரு பெரியவரின் ஒன்றரை மணி நேரப் பாட்டை இப்படி முழுக்க இழந்திருக்கிறேன். போனில் கேட்கும்போது தெரியவில்லை, வீட்டில் ஹெட்போன் போட்டபோதுதான் தெரிந்தது. மறு வருஷம் பதியலாம் என்றிருந்தேன், அவர் இல்லை.

58இன் தலைக்கு மேல் இன்னொரு பஞ்சு உறை மாட்டுங்கள். காற்று வரும் திசைக்குப் பாடுகிறவரின் முதுகு இருக்கட்டும், அவர் உடம்பே மறைப்பாகும். சுவர், வைக்கோல் படப்பு, நிறுத்திய வேன், எது கிடைத்தாலும் அதன் மறைவில் உட்காருங்கள். அடி ஒலியை வெட்டும் பட்டனும் உதவும். எல்லாவற்றையும்விட முக்கியம், பதியும்போதே ஹெட்போன் போட்டுக் கேட்பது.

வீட்டுல ரெக்கார்டு பண்ணினா கெணத்துக்குள்ள பாடுன மாதிரி இருக்கு. நல்ல மைக்கு வாங்கணுமோ?

மைக்கை மாற்றவேண்டாம், இடத்தை மாற்றுங்கள். நம் வீடுகளில் டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை. குரல் எங்கும் மோதித் திரும்புகிறது. துணி நிறைந்த அறைக்குப் போங்கள். திறந்த துணி பீரோவுக்கு எதிரில், மெத்தைக்குப் பக்கத்தில். பாடுகிறவருக்குப் பின்னால் ஒரு கனத்த கம்பளியோ ஜமுக்காளமோ தொங்கவிடுங்கள். மைக்கின் முகம் பார்ப்பது பாடுகிறவரையும் அவர் பின்னாலுள்ளதையும்தான், அதனால் பின்னால் தொங்கும் துணிக்குத்தான் பலன் அதிகம்.

மின்விசிறியை நிறுத்தி, ஃப்ரிட்ஜ் இல்லாத அறையாகப் பார்த்து, அதிகாலையில் பதியுங்கள். 24 பிட்டில், அதிகபட்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைத்து, எம்.பி.3 ஆக அல்லாமல் வேவ் ஃபைலாகச் சேமியுங்கள்.

பேன்டம் பவர் போட்டா டைனமிக் மைக்கு எரிஞ்சிருமாமே?

மூன்று பின் கேனான் வயர் சரியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. 48 வோல்ட் இரண்டாம், மூன்றாம் பின்களில் சமமாகப் போவதால் சுருளின் இரு முனைக்கும் இடையே வித்தியாசம் இல்லை, கரண்ட் ஓடாது. ஒரு முனை எர்த்தோடு சேர்ந்துபோன பழுதான வயரோ, ஒருபக்கம் பி38 பின் வைத்துக் கட்டிய வயரோ இருந்தால் கரண்ட் சுருள் வழியாகப் போகும். ரிப்பன் வகை மைக்குகளுக்கு இது ஆபத்து. தேவையில்லாத இடத்தில் அந்தப் பட்டனை அணைத்து வைப்பது நல்ல பழக்கம்.

வயர்லயே ‘ம்ம்ம்’னு ஒரு இரைச்சல். அப்புறம் ஒதட்டுல சுள்ளுன்னு ஷாக் வேற அடிக்கு!

இரைச்சல் வேறு, ஷாக் வேறு. இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் மைக் வயர், சீரியல் செட் லைட்டுக்குப் போகும் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பது. பிரித்துப் போடுங்கள். தாண்டித்தான் போகவேண்டும் என்றால் கூட்டல் குறிபோலக் குறுக்கே தாண்டவிடுங்கள், பக்கத்திலேயே ஓடவிடாதீர்கள். இரண்டு முனையிலும் கேனான் உள்ள வயர் இந்த இரைச்சலைத் தானே பெருமளவு அழித்துவிடும். பி38 பின் வயர் ஐந்தாறு மீட்டருக்கு மேல் நீண்டால் இரைச்சலை இழுக்கும்.

ஷாக்கை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். உதட்டில் ஷாக் அடித்தால் எர்த் சரியில்லை, அல்லது ஆம்பும் மற்ற கருவிகளும் வேறு வேறு லைனில் இருக்கின்றன. பாட்டை அங்கேயே நிறுத்துங்கள். எலெக்ட்ரீஷியன் ஜெனரேட்டரின் எர்த்தைப் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் மைக்கைத் தொடவேண்டும். மழைத் தூறலில் ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று பாடுகிறவர் உயிர் இதில் இருக்கிறது. கொடைக் கமிட்டியார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அண்ணே, எங்க சர்ச் குயர்ல இருவது பேரு. நீங்க சொன்ன மைக்கு ஒண்ணு போதுமா?

இங்கேதான் டைனமிக் தோற்கும். வாய்க்கு அருகில் இருந்தால்தான் அது நன்றாக எடுக்கும், இருபது பேர் வாய்க்கும் அருகில் வைக்க முடியாது. இந்த ஒரு வேலைக்குக் கண்டென்சர் வாங்கலாம். ஆடியோ டெக்னிகா ஏ.டி.2020 மாதிரி இரண்டு, முதல் வரிசைக்கு மூன்றடி முன்னால், பின்வரிசையின் முகம் தெரியும் உயரத்தில். மைக் பாடுகிறவர்களிடமிருந்து எவ்வளவு தூரமோ, அதைப்போல மூன்று மடங்கு தூரம் இரண்டு மைக்குக்கும் நடுவே இருக்கட்டும். குறைந்தால் ஒரே குரல் இரண்டிலும் விழுந்து வெளிறிப்போகும்.

பதிவுக்கு இது அருமையாக வரும். ஸ்பீக்கரில் ஏற்றவேண்டும் என்றால் கூவல் சீக்கிரம் வரும். பழைய உயரமான ஆலயங்களில் குயருக்கு மைக்கே தேவைப்படுவதில்லை என்பது என் அனுபவம். வேதபாடம் வாசிப்பவருக்கும் தனிக்குரல் பாடுபவருக்கும் ஒரு 58 வைத்துவிட்டு, மற்றவர்களை அப்படியே பாடவிடுங்கள்.

கார்ட்லெஸ் மைக்கு வாங்கிட்டா வயர் தொந்தரவே இல்லையே?

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஜோடி கார்ட்லெஸ் மைக்கில் பணம் ரேடியோ பாகத்துக்குப் போய்விடுகிறது, மைக் பாகம் சுமார்தான். கூட்டத்தில் விட்டுவிட்டு வரும், நடுராத்திரியில் பேட்டரி தீரும். பாட்டுக்கு வயர் மைக்கே நல்லது.

சாமியாட்டத்துல மஞ்சப்பொடியும் திருநீறும் மைக்குக்குள்ள போயிட்டு. கழுவலாமா?

மைக்கைக் கழுவக்கூடாது. கம்பிவலைத் தலையைத் திருகிக் கழற்றி அதை மட்டும் கழுவலாம். மைக்கைத் தலைகீழாகப் பிடித்துக் கழற்றுங்கள், தூசி சவ்வின்மேல் விழாது. வலையையும் உள்பஞ்சையும் சோப்புத் தண்ணீரில், பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, நிழலில் முழுக்கக் காயவைத்த பிறகு மாட்டுங்கள். பலர் மாறி மாறிப் பாடும் மைக் என்றால் மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். கண்டென்சர் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துக்கொள்ளவேண்டும்.

செட்டுக்காரர் மிக்சர்ல இருந்தே ரெக்கார்டு எடுத்தேன். கொரல் நல்லா இருக்கு, கொடமும் ஜால்ராவும் கேக்கவே இல்ல. ஏன்?

மிக்சரிலிருந்து வருவது மைக்கில் விழுந்தது மட்டும்தான். நேரில் குடமும் ஜால்ராவும் தாமாகவே பந்தல் முழுக்கக் கேட்பதால் செட்டுக்காரர் அவற்றை ஏற்றமாட்டார், குரலை மட்டும் ஏற்றுவார். அவர் செய்தது ஜனங்களுக்குச் சரி, உங்கள் பதிவுக்குப் போதாது.

மிக்சர் பதிவோடு இன்னொரு பதிவும் வேண்டும். வில்லுக்கு முன்னால் எட்டுப் பத்தடி தள்ளி, ஸ்பீக்கருக்கு எதிரே இல்லாமல், ஒரு சின்ன ரெக்கார்டரையோ நல்ல போனையோ ஸ்டாண்டில் வையுங்கள். தொடங்குமுன் அண்ணாவியை வில்லில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு பதிவையும் அந்தத் தட்டில் பொருத்திச் சேர்க்கலாம். சத்தம் ஒரு நொடியில் 340 மீட்டரை ஒட்டிப் போகிறது, ஆகவே மூன்று மீட்டர் தள்ளி வைத்த ரெக்கார்டரில் அந்தத் தட்டு நூறில் ஒரு நொடி பிந்தித்தான் விழும். அதை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் அச்சாக ஒன்றாக ஓடாது. மூன்று மணி நேரக் கதையில் முடிவுக்கு வரும்போது இரண்டும் விலகி எக்கோ மாதிரிக் கேட்கும். அதனால் கதை நடுவில் காப்பிக்கு நிறுத்தும் ஒவ்வொரு தடவையும், மறுபடி தொடங்குமுன் இன்னொரு தட்டு வாங்கிவிடுங்கள்.